உப்புக் குறைத்த கோடை

நிரஞ்சன் கையிலிருந்த டபராவில் காபி தளும்பி வேட்டியில் கொட்டியது. மாளவிகா துணியை எடுத்து வந்து தரையைத் துடைத்தாள். இப்போதெல்லாம் அந்தத் துணி சமையலறைக்குத் திரும்பிப் போவதே இல்லை. கூடத்து ஜன்னல் கம்பியிலேயே தொங்கியது.

"கை நடுங்கறது மாளு," என்றான் நிரஞ்சன்.

"தெரியறது. நன்னா தூங்கினியா?"

"தூங்கிண்டேதான் இருக்கேன். அதான் கஷ்டமா இருக்கு."

சொற்கள் நாக்கில் ஒட்டிக்கொண்டு இழுபட்டன. மாளவிகா அவன் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் பயம் வரவில்லை, அலுப்புதான் வந்தது. மறுபடியுமா என்று நினைத்தாள். இந்த வயசில், இந்த வெயிலில், மறுபடியுமா?

அண்ணனும் தங்கையும் அபிராமபுரத்தில் ஒரு பழைய அடுக்ககத்தின் முதல் மாடியில் இருந்தார்கள். மாளவிகாவின் கணவர் பரத்வாஜுக்குப் புனேயில் வங்கி வேலை. அவர் வந்து போவார்; அவளும் விடுமுறையில் போய் வருவாள். கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் அவள் புவியியல் டீச்சர். நிரஞ்சன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டுக் கூடத்தில் வெள்ளைப் பலகை மாட்டி, பதினொன்று பன்னிரண்டு படிக்கும் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தான். மயிலாப்பூர் வட்டாரத்தில் 'நிரஞ்சன் சார்' என்றால் தெரியும். நுண்கணிதத்தை அவனிடம் படித்த பிள்ளைகள் வேறு யாரிடமும் படிக்க ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆனால் அவனைப் பற்றி ஊருக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது. வாலிபத்தில், எம்.எஸ்.ஸி. முடித்த கையோடு, நிரஞ்சனுக்கு மனம் பொங்கத் தொடங்கிற்று. தூக்கமே இல்லை. தான் ஒரு பெரிய தேற்றத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக லஸ் முனையில் நின்று பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களுக்கெல்லாம் விளக்கினான். அப்பாவின் புத்தக அலமாரியைக் காலி செய்து தெருவில் போகிறவர்களுக்கு விநியோகித்தான். பொங்கியதெல்லாம் வடிந்த பிறகு, ஒரு மழைக்காலம் முழுவதும் சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தான். குளிக்கவில்லை, பேசவில்லை. அப்போது ஒரு மனநல மருத்துவர் லித்தியம் என்ற மாத்திரையை ஆரம்பித்தார். அதற்குப் பிறகு அவன் பொங்கவும் இல்லை, வடியவும் இல்லை. தலை நரைத்த இந்த வயது வரை அந்த மாத்திரைதான் அவனைத் தரையில் நிறுத்தி வைத்திருந்தது.

அந்த மருத்துவர் சில மாதங்களுக்கொரு முறை ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்வார். மாத்திரை ரத்தத்தில் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து என்பார். வயதாகி அவர் கிளினிக்கை மூடிய பிறகு, புது டாக்டரைத் தேடிப் போக இருவருக்கும் மனம் வரவில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். லஸ் முனையை, புத்தகங்களை, சுவரை. மூலை மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டினால் கேள்வி கேட்காமல் கொடுத்தார்கள். அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வருஷம் சிவராத்திரி சமயத்தில் நிரஞ்சனுக்கு ரத்த அழுத்தம் இருப்பது தெரியவந்தது. தெருக்கோடி டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொன்னார். மாளவிகா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. ஊறுகாய் பாட்டில்கள் வேலைக்காரி வீட்டுக்குப் போயின. அப்பளம் நின்றது. ரசத்தில் உப்பு இருக்கிறதா என்று நாக்கு தேட வேண்டியிருந்தது. நிரஞ்சன் முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்டான்.

பிறகு முழங்கால் வலி வந்தது. பலகைக்கு முன்னால் நின்று நின்று தேய்ந்த கால். அடையாற்றில் ஒரு எலும்பு டாக்டரிடம் போனார்கள்.

"வேற ஏதாவது மாத்திரை எடுத்துக்கறீங்களா சார்?" என்று அந்த டாக்டர் கணினியைப் பார்த்தபடி கேட்டார்.

"பி.பி.க்கு ஒண்ணு. அவ்வளவுதான்," என்றான் நிரஞ்சன்.

பக்கத்து நாற்காலியில் இருந்த மாளவிகா கைப்பையின் பிடியைத் திருகிக்கொண்டு பேசாமல் இருந்தாள். வெளியே வரிசையில் அவள் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்; கதவு பாதி திறந்திருந்தது. முழங்காலுக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம் என்றும் நினைத்தாள். டாக்டர் வலி மாத்திரை எழுதினார். வலி குறைந்தது. நிரஞ்சன் அதை விடாமல் சாப்பிட்டான்.

கத்திரி வெயில் தொடங்கியபோது அவனுக்கு வயிறு கெட்டது. போவதும் வருவதுமாக இருந்தான். வேர்த்து ஊற்றியது, மின்சாரம் வேறு நினைத்தபோது போயிற்று. அதிலிருந்துதான் இந்த நடுக்கம்.

அன்று சாயங்கால வகுப்பு முடிந்து பிள்ளைகள் இறங்கிப் போனதும் மீனாட்சி மேலே வந்தாள். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் வெள்ளைச்சாமியின் மனைவி. அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரர்கள். மகள் சிந்து பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறாள். மீனாட்சி எப்போதும் காரிலேயே இருந்து மகளை ஏற்றிக்கொண்டு போகிறவள். படியேறி வந்ததே இல்லை.

"டீச்சர், ஒரு வார்த்தை. தப்பா எடுத்துக்கிராதீக."

"சொல்லுங்கோ."

மீனாட்சி குரலைத் தாழ்த்தினாள். "பிள்ளைக வந்து சொல்லுதுக. சார் எழுதுறது கோணல்மாணலாப் போகுதாம். நாக்கு குழறுதாம். நேத்து நடக்கும்போது தள்ளாடிப் பலகையைப் புடிச்சுக்கிட்டாராம். பொம்பளைப் பிள்ளைகளை அனுப்புறோம். சார் அந்தப் பழக்கம் ஏதும்..."

மாளவிகாவுக்குச் சுருக்கென்றது. உடனே மறுக்க வாயைத் திறந்தவள் நிறுத்தினாள். மறுத்தால் பின்னே என்னவென்று கேட்பாள். குடி என்றால் ஊருக்குப் புரியும். குடிக்கிறவர் ஒருவர் எல்லார் வீட்டிலும் இருப்பார். மற்றது புரியாது. ஒரு கணம், ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

"அதெல்லாம் இல்லை. வெயில் ஒத்துக்கலை. வயிறு சரியில்லை," என்றாள்.

"இருக்கட்டும் டீச்சர். நாளைக்கு அனுப்புறேன். அப்புறம் எங்க வீட்டுக்காரவுககிட்ட கேட்டுத்தான் சொல்லணும்."

அவள் இறங்கிப் போனதும் மாளவிகா கூடத்துக்கு வந்தாள். நிரஞ்சன் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தான். பலகையில் அவன் எழுதிய தொகையீட்டுக் குறி பூரான் நெளிவதுபோல இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குள் ஏதோ அறுந்தது.

"மாத்திரையை ஒழுங்கா சாப்பிடறயா, இல்லையா?"

"சாப்பிடறேனே."

"பொய் சொல்லாதே அண்ணா. நீ விட்டிருக்கே. அதான் எல்லாம் திரும்பி வந்துண்டிருக்கு. பழையபடி என்னால அலைய முடியாது. எனக்குத் தெம்பில்லை. புரியறதா? எனக்கு இனிமே தெம்பே இல்லை!"

நிரஞ்சன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்து, நாக்கு ஒத்துழைக்காமல், கையை மட்டும் தூக்கினான். அந்தக் கை காற்றில் உதறியது. மாளவிகா போய் மாத்திரை அட்டையை எடுத்து வந்தாள். வழக்கமான மாத்திரையோடு இன்னொன்றையும் பிதுக்கி அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"போட்டுக்கோ. ரெண்டு நாள் கூடுதலாப் போட்டுண்டா சரியாயிடும்."

அவன் தங்கை சொன்னால் கேட்கிறவன். போட்டுக்கொண்டான்.

மறுநாள் சிந்துவும் இன்னும் சில பிள்ளைகளும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மாளவிகா பள்ளிக்கூடத்தில் அட்மிஷன் வேலையை முடித்துவிட்டு, வெயிலில் வெந்து, அடுக்ககத்தின் வாசலுக்கு வந்துகொண்டிருந்தாள். மாடியில் ஏதோ விழுந்த சத்தமும், ஒரு பெண்பிள்ளையின் அலறலும் கேட்டன. காவலாளி முருகன் அவளுக்கு முன்னால் ஓடினான்.

நிரஞ்சன் பலகைக்குக் கீழே ஒருக்களித்துக் கிடந்தான். வாயோரம் வாந்தி வழிந்திருந்தது. கால்கள் தாமாகவே துள்ளின. சிந்து கைப்பேசியில் அம்மாவைக் கூப்பிட்டு அழுதுகொண்டிருந்தாள்.

"இன்னாமா ஆச்சு சாருக்கு?" என்று முருகன் குனிந்து மோந்து பார்த்தான். "தண்ணி கிண்ணி போட்டுக்கினாரா?"

"தூக்கு முருகா," என்றாள் மாளவிகா. "பேசாம தூக்கு."

முருகனும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவருமாக அவனைப் படியில் இறக்கினார்கள். தெருவில் ஆட்டோ ஒன்றும் கண்ணில் படவில்லை. அப்போதுதான் மீனாட்சியின் கார் வந்து நின்றது. மகளின் அழுகையைக் கேட்டு ஓடி வந்தவள், ஒரு பார்வை பார்த்தாள். பின் கதவைத் திறந்துவிட்டாள்.

"ஏத்துங்க. சீட்டு அழுக்கானாப் பரவாயில்ல, ஏத்துங்க!"

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் சஃப்வான் என்ற இளம் மருத்துவர் இருந்தார். கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், காலைத் தட்டிப் பார்த்தார், நிரஞ்சனின் வாயருகே குனிந்தார்.

"குடிப்பாரா?"

"மாட்டார்."

"சர்க்கரை? வலிப்பு? முன்னாடி ஸ்ட்ரோக் வந்திருக்கா?"

"இல்லை."

"என்னென்ன மாத்திரை சாப்பிடறார்? எல்லாத்தையும் சொல்லுங்கம்மா. முக்கியம்."

"பி.பி. மாத்திரை. முழங்கால் வலிக்கு ஒரு மாத்திரை," என்று மாளவிகா தொடங்கினாள். பக்கத்தில், முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, மீனாட்சி நின்றிருந்தாள். நர்ஸ் ஒருத்தி நின்றிருந்தாள். அடுத்த கட்டிலில் யாருக்கோ துணைக்கு வந்த குடும்பம் இந்தப் பக்கம் திரும்பி வேடிக்கை பார்த்தது. வாலிபத்திலிருந்து வீட்டுக்குள்ளேயே வைத்துக் காத்த சொல் இன்னொன்று இருந்தது. கட்டிலில் அண்ணனின் கால் மறுபடி துள்ளியது.

"லித்தியம்," என்றாள். பதற்றத்தில் குரல் தேவைக்கு மேல் ஓங்கி வந்தது. "லித்தியம் சாப்பிடறார். மனநோய்க்கு. ரொம்ப வருஷமா. நேத்து நான் ஒண்ணு கூடக் கொடுத்தேன்."

சஃப்வானின் முகம் மாறியது. "கடைசியா ரத்தத்துல அளவு பார்த்தது எப்போ?"

அவளுக்கு நினைவில்லை. அவர் அதற்குமேல் காத்திருக்கவில்லை. நர்ஸிடம் வேகமாக ஏதேதோ சொல்லி, ரத்தம் எடுக்க வைத்து, சலைன் ஏற்றச் சொல்லி, கைப்பேசியில் சிறுநீரக மருத்துவரைக் கூப்பிட்டார். நிரஞ்சனின் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மாளவிகா பெஞ்சில் உட்கார்ந்தாள். மீனாட்சி எங்கே என்று தேடினாள், அவள் போய்விட்டிருந்தாள். போகட்டும் என்று நினைத்தாள். சற்று நேரத்தில் மீனாட்சி ஒரு தண்ணீர் பாட்டிலோடு திரும்பி வந்து அதை அவள் மடியில் வைத்தாள். "சிந்து வண்டியில தனியா இருக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ரத்தத்தில் லித்தியம் இருக்க வேண்டியதைப் போல மூன்று மடங்கு இருந்தது. டயாலிசிஸ் செய்து வடித்தெடுத்தார்கள். மறுநாள் காலையில் சஃப்வான் அவளைத் தேடி வந்து, எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவர் கண்ணிலும் தூக்கமில்லை.

"தப்பிச்சுட்டார்மா. ஆனா கிட்னி கொஞ்சம் அடி வாங்கியிருக்கு."

"மாத்திரையை மாத்தவே இல்லையே டாக்டர். இத்தனை வருஷமா அதே அளவுதானே?"

"மாத்திரை அதேதான். உடம்புதான் அதே உடம்பு இல்லை." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "லித்தியம் கிட்னி வழியாத்தான் வெளியே போகணும். வயசாக ஆக கிட்னி மெதுவாகும். அதுக்கு மேல வலி மாத்திரை, அந்த பி.பி. மாத்திரை, ரெண்டும் அது வெளியே போறதைத் தடுக்கும். பேதி, வேர்வையில உடம்புல தண்ணி வத்திப் போச்சு. உப்பு குறைச்சீங்களா?"

"ரொம்பக் குறைச்சேன்."

"உடம்புல உப்பு குறைஞ்சா கிட்னி உப்பைப் புடிச்சு வச்சுக்கப் பார்க்கும். அதுக்கு உப்புக்கும் லித்தியத்துக்கும் வித்தியாசம் தெரியாது. ரெண்டையும் சேர்த்தே புடிச்சு வச்சுக்கும்."

மாளவிகா ரசத்தில் கை சுருக்கிப் போட்ட உப்பை நினைத்தாள். அண்ணன் முகம் சுளித்தபோதெல்லாம், உன் நல்லதுக்குத்தான் என்று சொன்னதையும் நினைத்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. உடம்பு மட்டும் ஈர மணல் மூட்டைபோலக் கனத்தது.

"அந்த எலும்பு டாக்டர்கிட்ட சொல்லியிருந்தா வேற மாத்திரை கொடுத்திருப்பாரோ?"

சஃப்வான் சற்றுத் தயங்கினார். "கொடுத்திருப்பார்," என்றார். ஆறுதலுக்காகக்கூட அவர் பொய் சொல்லவில்லை. அது அவளுக்கு ஏனோ பிடித்திருந்தது.

நிரஞ்சனுக்கு நினைவு மெதுவாகத் திரும்பியது. முதலில் தண்ணீர் கேட்டான். பிறகு, பிள்ளைகள் பயந்துவிட்டார்களா என்று கேட்டான். வார்டுக்கு மாற்றிய பிறகு ஒரு பிற்பகலில், மாளவிகா ஆரஞ்சை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது சொன்னான்:

"லித்தியத்தை நிறுத்தப் போறாளாம்."

"ஆமா. நிஷான்னு ஒரு மனநல டாக்டர் பார்த்துட்டுப் போனா. வேற மாத்திரை ஆரம்பிக்கறாளாம். கிட்னி இனிமே இதைத் தாங்காதாம்."

"அது இல்லாம நான் யாருன்னு எனக்குத் தெரியாது மாளு."

அவள் கையிலிருந்த சுளை நின்றது.

"பயமா இருக்கு," என்றான். "லஸ் முனையில நின்னவன் உள்ளேயேதான் இருக்கான். எனக்கு நன்னாத் தெரியும். இத்தனை நாள் இதுதான் அவனைத் தூங்கப் பண்ணிண்டிருந்தது."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு அண்ணா."

"நீ ரெண்டு மாத்திரை கொடுத்தியே, அதுக்காக மனசைப் போட்டுக் குழப்பிக்காதே. நானும்தான் டாக்டர்கிட்ட ஒண்ணுமில்லைன்னு சொன்னேன்."

"நான் பக்கத்துல உட்கார்ந்துண்டு கேட்டுண்டிருந்தேனே."

"கேட்டுண்டிருந்தே," என்று ஒத்துக்கொண்டான். வார்டு மின்விசிறி கிறீச்சிட்டது. பிறகு நிரஞ்சன் தலையணையில் தலையைத் திருப்பி, "பழம் நன்னா இல்லை. புளிக்கறது," என்றான். அவளே மிச்சத்தைத் தின்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகு பழைய வகுப்பு பாதியாகச் சுருங்கியது. விஷயம் பரவிவிட்டிருந்தது. சிலர் காரணம் சொன்னார்கள், சிலர் போனையே எடுக்கவில்லை. குடி என்று நினைத்தபோது அனுப்பிக்கொண்டிருந்த ஒரு தாய், குடி இல்லை என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டாள். மாளவிகாவுக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருந்தது.

மீனாட்சி ஒருநாள் சிந்துவோடு படியேறி வந்தாள்.

"எங்க வீட்டுக்காரவுக வேண்டாம்னாக. இவ கேக்க மாட்டேங்குறா. வேற யார் சொல்லிக் குடுத்தாலும் மண்டையில ஏறலையாம்." சொல்லிவிட்டு மாளவிகாவின் கண்ணை நேராகப் பார்த்தாள். "மனசுல ஒண்ணு வெளிய ஒண்ணு பேச எனக்குத் தெரியாது டீச்சர். எனக்கும் கொஞ்சம் பயமாத்தான் இருக்கு. பிள்ளை படிச்சு முடிக்கிற வரைக்கும் நானும் இங்கனயே உக்காந்துக்கிடுறேன். சம்மதமா?"

மாளவிகாவுக்கு முகம் சிவந்தது. இது உதவியா, அவமானமா என்று பிரித்துப் பார்க்க அவளால் முடியவில்லை. பதிலை நிரஞ்சனே சொன்னான்.

"தாராளமா உட்காருங்கோ. ஆனா நடுவுல பேசப்படாது. பேசினா உங்களையும் பலகைக்குக் கூப்பிட்டுக் கணக்குப் போடச் சொல்லுவேன்."

மீனாட்சி கூடத்து ஓரத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நிரஞ்சனின் கையில் இன்னும் மெல்லிய நடுக்கம் இருந்தது. அது போகவும் போகலாம், நிற்கவும் நிற்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். எழுதும் வேலையைச் சிந்துவிடம் கொடுத்துவிட்டு, அவன் உட்கார்ந்தபடி சொன்னான். அடுத்த வகுப்புக்கும் மீனாட்சி வந்தாள். அதற்கடுத்ததற்கும் வந்தாள், பூக்கட்டும் வேலையைக் கையோடு கொண்டுவந்தாள்.

டாக்டர் நிஷா மாளவிகாவிடம் தனியாகச் சொல்லியிருந்தார். புது மாத்திரை அவன் உடம்பில் எப்படி நடந்துகொள்ளும் என்பது போகப் போகத்தான் தெரியும். தூக்கம் குறைகிறதா, பேச்சு வேகமாகிறதா, காரணமில்லாமல் உற்சாகம் பொங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படியானால் இனி அவன் சோர்ந்தாலும் பார்க்க வேண்டும், சந்தோஷப்பட்டாலும் பார்க்க வேண்டும்.

ஒரு சாயங்காலம், வகுப்பு நடந்துகொண்டிருக்கையில், மாளவிகா உள்ளறையில் சற்றே படுத்தாள். எப்போது கண்ணயர்ந்தாள் என்று தெரியவில்லை. கூடத்தில் எழுந்த சிரிப்புச் சத்தம் அவளை எழுப்பியது. நிரஞ்சன் சிரித்துக்கொண்டிருந்தான், உரக்க, மூச்சு வாங்க. அவன் அப்படிச் சிரித்துக் கேட்டு எத்தனையோ காலமாகிவிட்டது.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். இது சிரிப்புத்தானா? காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். சிந்துவும் சிரித்தாள். பிறகு மீனாட்சியின் குரல், "நான் அப்பவே சொன்னேன், எனக்குக் கழித்தல்கூட வராதுன்னு! இப்ப எழுதி மானம் போச்சா?" என்றது. மறுபடி எல்லாரும் சிரித்தார்கள். நிரஞ்சனின் சிரிப்பு மற்றவர்களோடு சேர்ந்தே தேய்ந்து ஓய்ந்தது. "சரி, சரி. அடுத்த கணக்கு," என்றான்.

மாளவிகா இன்னும் கொஞ்சம் கேட்டாள். குரல் நிதானமாகத்தான் இருந்தது. இன்றைக்கு நிதானமாகத்தான் இருக்கிறது என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். கதவுப்பக்கம் முகம் வைத்து, கூடத்துப் பேச்சு காதில் விழும்படியாக, மறுபடி படுத்துக்கொண்டாள்.